மூணாம் நம்பர் லேன்

"நாப்பது செகண்ட் சார்! முழுசா நாப்பது செகண்ட்! கையில தாலிய வெச்சுக்கிட்டு எங்கப்பா சிலையாட்டம் நிக்குறாரு. மேளக்காரன் கெட்டிமேளத்த நிறுத்தாம அடிக்கிறான். மாப்பிள்ளை நீட்டுன கைய மடக்கவும் முடியாம நிக்குறான். ஐயரு எங்கப்பா மூஞ்சிக்கு நேரா கைய ஆட்டிப் பாக்குறாரு. அட்சதைய எல்லாரும் போட்டு முடிச்சிட்டாங்க சார், தாலி கட்டுறதுக்கு முன்னாடியே!"

"சார், சார், உக்காருங்க. அப்பா எதையாச்சும் மறந்தாரா?"

"என்னய்யா கேள்வி இது?"

"இல்ல சார், பொண்ணு பேர மறந்தாரா? தாலிய எதுக்கு கையில வெச்சிருக்கோம்னு மறந்தாரா? இல்லைல்ல? விட்ட எடத்துல இருந்து கரெக்டா எடுத்துக் குடுத்தாருல்ல? அதுக்குப் பேருதான் சார் லாஸ்லெஸ். ஒரு துளி கீழ விழல பாருங்க!"

"யோவ், வீடியோல இருக்குய்யா! உங்கப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையான்னு சம்பந்தி வீட்டுல கேக்குறான்!"

ஒட்டுக் கேக்குற பழக்கமெல்லாம் பிலோமினாவுக்குக் கிடையாது. சேல்ஸ் ரூம் கதவு தெறந்து கிடந்துச்சு, அந்த ஆளு போட்ட சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு. திங்கக்கிழமை காலையில யாராவது ஒருத்தர் வந்து பத்ரிகிட்ட கத்துறது அந்த ஆபீஸ்ல வழக்கம்தான். பத்ரி சேல்ஸ் மேனேஜர். அவன் வாங்குற சம்பளத்துல பாதி கத்து வாங்குறதுக்குன்னே குடுக்குறாங்கன்னு பிலோமினா நெனச்சுக்குவா. எப்பவும் போல தாண்டிப் போயிருப்பா.

ஆனா அந்த நாப்பது செகண்டு அவ கால கட்டிப் போட்டுருச்சு. உள்ள போனா.

"சார், எத்தன மணிக்கு நின்னாரு?"

அந்த ஆளு திரும்பிப் பாத்தாரு. "பத்து நாப்பத்தி மூணு. வீடியோல டைம் ஓடுது. நீங்க யாரும்மா?"

பிலோமினா மனசுக்குள்ள கணக்குப் போட்டா. நேத்து ஞாயித்துக்கிழமை பத்து நாப்பத்தாறுக்கு அவளுக்கு ஒரு போன் வந்துச்சு. அவ வீட்டுக்காரர் லூர்துராஜ் கேளம்பாக்கத்துல ஒரு ஓட்டல்ல புரோட்டா மாஸ்டர். கட்டட வேலைக்காரங்க வர்ற கடை, காலையிலேயே கல்லு சூடாயிரும். "அக்கா, அண்ணன் கைய கல்லு மேலயே வெச்சிட்டாருக்கா, எடுக்கவே இல்ல, நாங்கதான் புடிச்சு இழுத்தோம்"னு ஓட்டல்காரர் அழாத கொறையா சொன்னாரு. உள்ளங்கை பூரா வெந்துபோச்சு. இனிமே அந்தக் கையால மாவு வீச முடியுமான்னு டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு.

ராத்திரி கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து பிலோமினா என்ன பண்ணா தெரியுமா? திட்டுனா. "கல்லு முன்னாடி நின்னுக்கிட்டு எங்க பராக்குப் பாத்தீங்க?"ன்னு திட்டுனா. அந்த மனுஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

இப்ப கம்பெனியப் பத்தி சொல்லிடுறேன். இது இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சு நடக்குற கதை. பக்கவாதம் வந்து மூளையில ஒரு பகுதி செத்துப் போனவங்களுக்கு, அந்தப் பகுதி செய்ய வேண்டிய வேலைய வெளிய இருந்து ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்கும். காதுக்குப் பின்னாடி ஒரு சின்ன வில்லை. அது அனுப்புற சிக்னல் சிறுசேரியில இருக்குற கம்ப்யூட்டர் கூடத்துக்குப் போகும், அங்க இருந்து திரும்ப வரும். பேச்சு, ஞாபகம், கை அசைவு எல்லாம் அப்படித்தான் ஓடும். லூர்துராஜுக்கும் அதுதான். அந்தக் கூடத்துல சிக்னலப் பிரிச்சு அனுப்புற சுவிட்சுகள செட் பண்ற வேலை பிலோமினாவோடது. சுவிட்சு வேலையிலயே இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்.

கல்யாண வீட்டு ஆள ஒரு வழியா காபி குடுத்து அனுப்பிட்டு பத்ரி வந்தப்போ, பிலோமினா நேத்தைய ரெக்கார்ட தெறந்து வெச்சிருந்தா.

"பத்ரி, மூணாம் நம்பர் லேன்ல எத்தன பேர் இருக்காங்க?"

"முந்நூத்தி நாப்பது மேடம்."

"நான் எத்தன பேருக்கு எடம் போட்டுக் குடுத்தேன்?"

"அது வந்து..."

"நாப்பது. எழுதியே குடுத்தேன்."

"நான் என்ன மேடம் பண்றது? ஒருத்தர் எம்.எல்.ஏ. லெட்டர்பேடோட வராரு. ஒருத்தர் ஜட்ஜோட மச்சான். இன்னொருத்தர், 'எதிர் ஃபிளாட்காரனுக்குக் குடுத்தீங்கள்ல'ன்னு வந்து நிக்குறாரு. யாருக்கு இல்லேன்னு சொல்றது? லேன் நம்பர் வெறும் நம்பர்தான, மாத்திப் போட்டா போகுதுன்னு போட்டுட்டேன்."

"வெறும் நம்பரா? இங்க உக்காரு."

பத்ரி உக்காந்தான். ஆறு வருஷமா விக்குறான், எத விக்குறோம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டான்.

"சுவிட்சுல எட்டு லேன் இருக்கு. சாதா லேன்ல கூட்டம் ஜாஸ்தியானா, எடம் இல்லாதத சுவிட்ச் கீழ போட்டுட்டு மீதிய அனுப்பிரும். போட்டது போட்டதுதான். அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை மறக்கும், ஒரு முகம் மறக்கும். ஆனா ஆளு நிக்க மாட்டாரு. புரியுதா?"

"புரியுது."

"மூணாம் நம்பர் லேன்ல எதையும் கீழ போடக் கூடாதுன்னு செட் பண்ணியிருக்கேன். அப்ப கூட்டம் வந்தா என்ன பண்ணும்? பின்னாடி இருக்கிற சுவிட்ச பாத்து 'நில்லு'ன்னும். அது அதுக்குப் பின்னாடி இருக்கிறத 'நில்லு'ன்னும். அப்படியே போயி கடைசியில மனுஷன் காதுக்குப் பின்னாடி இருக்கிற வில்லை வரைக்கும் 'நில்லு' போகும். மனுஷன் நின்னுருவான்."

"சரி, திரும்ப விட்டதும் ஓடிரும்ல?"

"ஓடும். ஆனா பிரேக் போட்டதும் பஸ்சு அந்த எடத்துலயே நிக்குமா? கொஞ்ச தூரம் போயித்தான நிக்கும்? அந்த மாதிரி 'நில்லு'ன்னு சொன்னதுக்கு அப்புறமும் வழியில இருக்கிறது வந்துக்கிட்டே இருக்கும். அத வாங்கி வெக்க தனியா எடம் ஒதுக்கணும். அந்த எடம் நாப்பது பேருக்குத்தான் இருக்கு. நீ முந்நூத்தி நாப்பது பேர ஏத்திட்ட. ஒருத்தன் மெதுவா வாங்குனா போதும், மொத்த லேனும் நிக்கும். எல்லாருக்கும் சிறப்பு தரிசன டிக்கெட் குடுத்தா எந்த கியூவுய்யா நகரும்?"

பத்ரி ஸ்கிரீன்ல இருந்த பேரு வரிசைய உருட்டிப் பாத்தான். "நேத்து மெதுவா வாங்குனது யாரு?"

பிலோமினா ஒரு பேரத் தொட்டுக் காட்டுனா. பத்ரி நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

கல்வித் தந்தை டாக்டர் பரமகுரு. பதினோரு காலேஜ் வெச்சிருக்கிறவரு. எந்தப் பிள்ளையப் பெத்து இந்தப் பட்டம் வாங்குனாருன்னு பிலோமினாவுக்கு ரொம்ப நாளா சந்தேகம். அவ தங்கச்சி மகன் அவரு காலேஜ்லதான் சர்டிபிகேட்ட குடுத்துட்டுத் திரும்ப வாங்க மூணு மாசம் நடந்தான். பக்கவாதம் வந்ததுல இருந்து மனுஷன் ஏற்காடு எஸ்டேட்லதான் இருக்காரு. அங்க சிக்னல் வாங்குறதுக்குன்னு தனிப் பெட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க.

பிலோமினா எஸ்டேட்டுக்குப் போன் போட்டா. மேனேஜர் எடுத்தாரு.

"அந்தப் பெட்டி எங்கங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கும்மா. வெலை ஒசந்த பொருளாச்சே, ஹால்ல கெடந்தா வர்றவன் போறவன் கை வெப்பான். சனிக்கிழமை இரும்பு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"பீரோவுக்குள்ளயா!"

"பயப்படாதீங்க, ஒயரு போறதுக்கு பின்னாடி ஓட்டை போட்டிருக்கேன். சாவி ஐயாவோட கடைசிப் பையன், சின்னவருகிட்ட இருக்கு."

பிலோமினா போன வெச்சிட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சியத் தேச்சுக்கிட்டா. ஒயரு உள்ள போனாலும், பெட்டியில இருந்து வில்லைக்குக் காத்துல போற சிக்னல் இரும்ப எப்படித் தாண்டும்? இந்த ஊர்ல வெலை ஒசந்தது எதுவா இருந்தாலும் பீரோவுக்குள்ளதான் போகும். சேலை, பத்திரம், இப்ப ஒரு மனுஷனோட மூளைக்குப் போற சிக்னல்.

நேரா டைரக்டர் நடேசமூர்த்தி ரூமுக்குப் போனா. சொன்னா. அவரு கேட்டுக்கிட்டே மேஜை மேல இருந்த பேனாவ எல்லாம் ஒரே பக்கமா அடுக்குனாரு.

"அவங்க வீட்டு பீரோவப் பத்தி நாம பேசுறதா? சின்னவரு நம்ம போர்டுல இருக்காரும்மா."

"அப்ப வாட்ச்டாக்க போடுங்க சார். ஒரு ஆளு ரொம்ப நேரம் அடைச்சுக்கிட்டு நின்னா, அவரோடத மட்டும் கீழ தள்ளிட்டு மத்தவங்கள விடுற செட்டிங். எல்லாருக்கும் இருக்கு. அவருக்கு மட்டும் நீங்கதான ஆஃப் பண்ணச் சொன்னீங்க?"

"ஐயாவோட ஞாபகத்துல இருந்து ஒரு துளி விழக் கூடாதுன்னு பசங்க மூணு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க."

"என் வீட்டுக்காரர் கை வெந்துபோச்சு சார்."

நடேசமூர்த்தி நிமிர்ந்தாரு. "அவரும் மூணாம் நம்பர்லயா?"

"ஸ்டாஃப் கோட்டா. நான்தான் மாத்துனேன். எட்டு மாசம் ஆச்சு."

"ஐயோ பாவம்"னாரு. அடுத்த பேனாவ எடுத்தாரு. "சரி, ஒண்ணு பண்ணு. பிடிக்கலேன்னா சாதா லேனுக்குப் போகலாம்னு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிரு. பாதிப் பேரு போயிட்டா கூட்டம் கொறஞ்சுரும். யாரையும் பகைச்சுக்க வேணாம்."

பிலோமினா அந்த மெசேஜ ஒளிவுமறைவு இல்லாம எழுதுனா. உங்க ஆளு இதுவரைக்கும் மொத்தம் இத்தன மணி நேரம் நின்னு போயிருக்காரு; அந்த நேரம் அவரு கணக்குல இல்லவே இல்ல; பெரும்பாலும் அரை செகண்டு, ஒரு செகண்டா போனதால நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, ஏதோ யோசிக்கிறாருன்னு நெனச்சிருப்பீங்க. இருக்கணுமா, எறங்கணுமா? ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா அந்த நேரத்தையும் போட்டா. லூர்துராஜ் பேருக்கு நேரா பத்தொம்பது மணி நேரம்னு வந்துச்சு. அத ரெண்டு தடவ சரி பாத்தா.

பதில் மதியத்துக்குள்ளயே வர ஆரம்பிச்சுது. பத்ரி ஒவ்வொண்ணா படிச்சான்.

"'அவர் பேர்ல நாலு எடம் இருக்கு. பத்திரம் எங்கன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். மறந்துடக் கூடாது. இருக்கட்டும்.'"

"அடுத்து."

"'அம்மா நிக்கிற நேரத்துலதான் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு. மாத்த வேணாம்.'"

"அடப்பாவி."

"'எதிர் வீட்டுக்காரங்க எறங்குனா சொல்லுங்க, அப்புறம் யோசிக்கிறோம்.' மேடம், அடுத்தது நம்ம கல்யாண வீட்டுக்காரர். 'தொடரவும். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னாடி மட்டும் தகவல் குடுத்தா போதும்.'"

காலையில தொண்டை கிழியக் கத்துன அதே மனுஷன்! பிலோமினாவுக்கு சிரிப்பு வந்துச்சு, அது நல்ல சிரிப்பு இல்ல. சாயந்தரம் வரைக்கும் எறங்குறேன்னு சொன்னது மூணே பேரு. இந்த ஜனத்துக்கு மணிக்கணக்கா ஒரு உசுரு இல்லாமப் போனாலும் பரவால்ல, எதிர் வீட்டுக்காரனுக்கு இருக்கிறது தனக்கு இல்லாமப் போயிரக் கூடாது. த்தூ!

"ஒரே ஒரு பதில்தான் பாக்கி"ன்னான் பத்ரி.

"அது எந்த மகராசன்?"

"நீங்கதான் மேடம்." அவன் குத்திக் காட்டணும்னு சொல்லல, ஆனா குத்துச்சு. "லூர்துராஜ் சாருக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதான? மெசேஜ் உங்க போனுக்குத்தான் வந்திருக்கும்."

பிலோமினா போன எடுத்துப் பாத்தா. வந்திருந்துச்சு. அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. முந்நூத்தி நாப்பது மெசேஜும் கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான் போயிருக்கு. நின்னு போறவங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. அவளே எழுதுன மெசேஜு, அவளுக்கே அது தோணல.

வீட்டுக்குப் போனப்போ லூர்துராஜ் கட்டுப் போட்ட கைய தலைகாணி மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பிலோமினா செருப்பக் கூட கழட்டாம எதிர்ல உக்காந்தா.

"நேத்து உங்க மேல தப்பு இல்லைங்க. நான் திட்டுனது தப்பு."

எல்லாத்தையும் சொன்னா. ரெண்டு லேனு, பீரோ, பத்தொம்பது மணி நேரம்.

"அப்ப கல்லுல கைய வெச்சப்ப நான் இல்ல?"

"இல்ல."

"அதான பாத்தேன். மாவத் தட்டுனேன் பிலோ. கண்ணு கூட மூடல. அடுத்தது மொதலாளி என் மேல தண்ணி ஊத்திக்கிட்டிருக்காரு. நடுவுல ஒண்ணுமே இல்ல. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சு உன்கிட்ட கூட சொல்லல."

"முன்னாடி சாதா லேன்ல இருந்தீங்களே, அது எப்படி இருந்துச்சு?"

அவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிக்கிறாரா, நின்னுட்டாரான்னு பிலோமினாவுக்கு பக்குன்னுச்சு.

"ஒரு நாளு உப்புங்குற வார்த்தை கெடைக்கல. 'வெள்ளையா இருக்குமே, அத எடுங்கடா'ன்னேன். மைதாவ எடுத்துக் குடுத்தானுங்க. சிரிப்பா சிரிச்சோம். அப்ப நான் தேடுறேன்னு எனக்குத் தெரிஞ்சுது பிலோ. இது அப்படியா? என்னை எதுக்கு இதுல மாத்துன?"

"ஒரு நாளு நீங்க என் பேர மறந்துட்டீங்க. தாங்க முடியல."

"அப்ப உனக்காகத்தான் மாத்துன."

கோவமா சொல்லல. அது பிலோமினாவுக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"பேரு மறந்தா நீ பக்கத்துல இருக்க, சொல்லிக் குடுப்ப. நான் இல்லாமப் போனத எனக்கு யாரு சொல்லுவா? மாத்திரு."

மறுநாள் காலையில மொத வேலையா அவர மாத்துனா. அதோட விடல. வில்லை வேலை செய்யுதான்னு பாக்குறதுக்கு டெக்னீஷியன்கள் நேரா நோயாளி காதுலயே பேசுறதுக்கு ஒரு வசதி உண்டு. அத எடுத்தா. மேல யாரையும் கேக்கல. மிச்சம் இருந்தவங்க ஒவ்வொருத்தர் காதுலயும் போயி, விஷயத்த சொல்லி, உங்களுக்கு எது வேணும்னு கேட்டா. ரெண்டு நாளு ஆச்சு. தொண்டை கட்டிப்போச்சு.

இருக்கேன்னு சொன்னவங்க முப்பத்தி ஒண்ணு. அதுல ஒரு அம்மா, செத்துப்போன மகனோட குரல் மட்டும் விழவே கூடாது, அதுக்காக எத்தன மணி நேரம் வேணும்னாலும் நிக்குறேன்னு அழுதாங்க. அவங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அந்த லேனே போட்டது. பதில் சொல்ல முடியாம படுத்திருந்தவங்க ஏழெட்டுப் பேரு, அவங்கள இருந்த எடத்துலயே விட்டா. மத்தவங்க எல்லாரும், எல்லாரும்னா எல்லாரும், எறக்கி விடுன்னுட்டாங்க, எறக்கி விட்டா. கல்யாண வீட்டுப் பெரியவரு, "மொதல்ல அதப் பண்ணும்மா, சம்பந்தி மூஞ்சியில முழிக்க முடியல"ன்னாரு.

பரமகுருவ கடைசியா வெச்சிருந்தா. ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் கேக்கணும்னு இருந்தா.

"யாரும்மா அது? என்னையா கேக்குற?"

"உங்களத்தாங்க. உங்க ஞாபகத்துல இருந்து ஒண்ணும் விழக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"நானா? என்னைய யாரும்மா கேட்டா? எந்தப் பேப்பரு எந்த பேங்க்குலன்னு தெரியணும்னாத்தான் பசங்க இந்தப் பக்கமே வரானுங்க. கேட்டுக்கிட்டு போயிருவானுங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனாரு. "பதினோரு காலேஜ் கட்டுனேன்மா. எந்த எடத்த யாருகிட்ட இருந்து எப்படி எடுத்தேன், எந்தப் பையன் சர்டிபிகேட்டுக்காக வாசல்ல நின்னு அழுதான், ஒண்ணு விடாம அப்படியே இருக்கு. மங்கவே மாட்டேங்குது. மத்தவங்களுக்கெல்லாம் வயசானா கொஞ்சம் கொஞ்சமா போயிருமாமே? எனக்கு மட்டும் போகல. ஏதோ கீழ விழுற லேன்னு சொன்னியே, அதுல போடு தாயி."

பிலோமினா தயாரா வெச்சிருந்த திட்டு வாயிலயே நின்னுபோச்சு. இத்தன நாளா அந்தக் கெழவனத்தான் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்தா. கேக்காமக் கட்டிப் போட்டிருந்தது அவரையும்தான். மன்னிச்சிட்டான்னு நெனக்காதீங்க, தங்கச்சி மகன் நடந்த நடை அவளுக்கு மறக்கல. ஆனா லேன மாத்துனா. சிறுசேரியில இருந்து ஏற்காடு வரைக்கும் வழியில இருக்கிற ஒவ்வொரு சுவிட்சுலயும் மாத்துனா, ஒண்ணக் கூட விடல.

வெள்ளிக்கிழமை அவள வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. பரமகுருவோட பசங்க கேஸ் போட்டிருக்கானுங்க. நோயாளி வாயால சொன்னது செல்லாது, கையெழுத்துப் போட்டவங்க சொன்னாத்தான் செல்லும்னு கம்பெனி வக்கீல் சொல்றாரு. தீர்ப்பு அப்படி வந்தா எல்லாரையும் பழையபடி மூணாம் நம்பருக்கே ஏத்திருவாங்க. லூர்துராஜ் மட்டும் தப்பிப்பாரு, அதுவும் அவரு கேட்டதுக்காக இல்ல, பிலோமினா கையெழுத்துக்காக.

கதைய இதோட நிறுத்திக்கிறேன். இத எழுதுனதே ஒண்ணு கேக்கத்தான். உங்க வீட்டுல யாரோ ஒருத்தருக்காக நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரியில, பேங்க்குல, இல்ல சும்மா வாய் வார்த்தையா. 'அவருக்கு இதுதான் நல்லது'ன்னு சொல்லியிருப்பீங்க. இன்னிக்குப் போயி அவங்களையே கேளுங்க. அவங்க சொன்னத அப்படியே கீழ எழுதுங்க. உங்க அபிப்பிராயம் எனக்கு வேணாம், அது ஏற்கனவே நெறைய இருக்கு. அவங்க சொன்னது மட்டும் போதும்.